பட்டாணியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

பட்டாணிக்கு ஏழு மாதம் ஆகியிருந்தபோது அவனைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் அப்பாவும் விமானம் ஏறினார்கள். அம்மாவுக்குத்தான் வேலை கிடைத்திருந்தது, பீங்கான் பற்கள் செய்கிற ஒரு கூடத்தில். பக்கத்துப் பல்லின் நிறத்தைப் பார்த்து, அதே வெளுப்பும் அதே லேசான மஞ்சளும் வரும்படி சின்னத் தூரிகையால் பூச்சு வைப்பது அவளுக்குக் கைவந்த கலை. அப்பா பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்தவன். "உன் கையை நம்பிப் போவோம். என் விசிலை நான் அங்க வந்து ஊதிக்கிறேன்" என்றான். போன இடத்தில் விசில் ஊத யாரும் கூப்பிடவில்லை. ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினான்.

அவளுக்குக் காலை வேலை, அவனுக்கு மாலை வேலை. நடுவில் பஸ் நிறுத்தத்தில் குழந்தை கைமாறும். அவள் பஸ்ஸிலிருந்து இறங்குவாள், அவன் பட்டாணியைக் கொடுத்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறுவான். "பால் குடிச்சான், ஆய் போகல" என்பதுதான் புருஷன் பெண்டாட்டிக்குள் நடக்கிற அன்றைய பேச்சு.

வந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்குக் குமட்டல். புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்துக் குடித்தாள். மருத்துவமனையில் பிரசவம் பார்க்கிற நர்ஸ் சிரித்துவிட்டாள். "தண்ணி மேல பழி போடாதீங்க. ரெண்டாவது வந்திருக்கு."

ஊரிலிருந்து அக்கா வருவதாக ஏற்பாடு. பிரசவத்துக்கு முன்னால் வந்து, பட்டாணியைப் பார்த்துக்கொண்டு, ரசம் வைத்துக் கொடுத்து, பச்சை உடம்புக்காரியை அதட்டிவிட்டுப் போவாள். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். போனில் இவள் அழுதபோது, "அடியே, எலும்பு முறிஞ்சது எனக்கு. நீ எதுக்குடி அழற?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளும் அழுதுவிட்டாள்.

அடுத்த பரிசோதனையில் நர்ஸ் வயிற்றை அளந்துகொண்டே கேட்டாள். "பிரசவத்தப்போ உங்க கூட யாரு இருப்பாங்க?"

"அவர் பையனைப் பாத்துக்கணும். நான் தனியாவே வந்துடுவேன்."

நர்ஸ் அளவு நாடாவைச் சுருட்டினாள். "நீங்க வந்துடுவீங்க, தெரியும். நான் கேட்டது அது இல்லயே."

அவள் பையின் வாரைப் பிடித்து முறுக்கினாள். நர்ஸ் ஒரு தாளில் முகவரி எழுதிக் கொடுத்தாள். அவர்கள் வீட்டுக்கு அடுத்த தெருதான். வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்.

கதவைத் திறந்தவரைப் பார்த்து அவளும் அவனும் ஒரு அடி பின்வாங்கினார்கள். நிலைப்படியை நிறைத்து நின்றார். நரைத்த மீசை இரு பக்கமும் கன்னத்தைத் தாண்டிக் கிடந்தது. சுருட்டிய பாய் மாதிரி ஒரு குழந்தை அவர் கக்கத்தில் இருந்து சிரித்தது.

"உங்க வீட்டம்மா இல்லையா?" என்று அவன் கேட்டான்.

"அவ பேங்க்ல வேலை பாக்கறா. குழந்தைங்கள நான்தான் பாத்துக்கிறேன். முன்ன லாரி ஓட்டினேன். அது இத விடச் சுலபம்."

வீடு சுத்தமாக இருந்தது. மேஜை முனைகளில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. இருந்தும் திரும்பி வரும்போது அவன் முகம் தெளியவில்லை.

"ஆம்பிளைகிட்ட கைக்குழந்தைய எப்படி விடறது?"

"தினம் காலைல யாருகிட்ட விட்டுட்டுப் போறேனாம்?"

"நான் அவன் அப்பா."

"அவரும் யாருக்கோ அப்பாதானே?"

அவளுக்கும் உள்ளுக்குள் கலக்கம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

முதல் நாள், இருவருக்கும் லீவு நாளாகப் பார்த்து, கொஞ்ச நேரம் மட்டும் விட்டுப் பார்ப்பது என்று முடிவு. பட்டாணி ஊரைக் கூட்டினான். அவள் போகிற மாதிரி போய்த் திரும்பி வந்து, தெருவில் சன்னலுக்குக் கீழே நின்றாள். சன்னல் திறந்தது. மீசை எட்டிப் பார்த்தது.

"நீங்க போங்கம்மா. உங்க தலை தெரியற வரைக்கும் அவன் ஓய மாட்டான்."

"ரொம்ப அழறானே..."

"அழுவான். அம்மா வேணும்னா அழத்தானே செய்யணும்? நான் கீழ விடாம தூக்கி வச்சிருப்பேன்."

அவன் அழ மாட்டான், பயப்படாதீர்கள் என்று சொல்லியிருந்தால் அவள் உள்ளே போய்ப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பாள். இப்படிச் சொன்னதால் நடந்து போனாள்.

அன்று சாயங்காலம் மீசைக்காரர் கேட்டார். "சோறு, பால், தூக்கத்துக்கெல்லாம் உங்க வீட்டுல அவன்கிட்ட என்ன சொல்லுவீங்க?" அவள் சொல்லிக் கொடுத்தாள். மம்மு, இங்கா, தாச்சி. அந்தப் பெரிய மீசைக்குள்ளிருந்து "டாச்சி, டாச்சி" என்று வந்தபோது அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தான். பட்டாணி சிரிக்கவில்லை. அவரைக் கூர்ந்து பார்த்தான்.

அதன்பின் அப்பாவும் காலை வேலைக்கு மாறிக்கொண்டான். சில வாரத்தில் காலையில் கதவைப் பார்த்ததும் பட்டாணி கையை நீட்ட ஆரம்பித்தான். "என்னைப் பாத்து ஒரு நாளாவது இப்படித் தாவியிருக்கானா?" என்று அப்பாவுக்குப் பொறாமை.

வலி வந்தது ஒரு மதியம். முன்பல் ஒன்றுக்குக் கடைசிப் பூச்சு வைத்துச் சூளையில் ஏற்றிய கையோடு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "சூளையில பல் இருக்கு" என்றாள் கூட வேலை பார்ப்பவளிடம். "பல்லு எங்கயும் ஓடாது. நீ வா" என்று அவள் காரை எடுத்தாள்.

செய்தி கேட்டு அவன் கிடங்கிலிருந்து நேராக மீசைக்காரர் வீட்டுக்கு, பட்டாணியைக் கூட்டிப்போக ஓடினான். மூச்சு வாங்க நின்றவனிடம் மீசைக்காரர் குழந்தையைக் கொடுக்கவில்லை.

"இவன் இங்கயே இருக்கட்டும். நீங்க அவங்ககிட்டப் போங்க."

"ராத்திரி ஆயிட்டா? எங்களை விட்டு இவன் தூங்கினதே இல்லையே."

"தூங்காட்டி நானும் முழிச்சிருக்கேன். என் வீட்டுக்காரியும் வந்துடுவா. நேரமாக்காதீங்க."

அவன் பிள்ளையின் தலையில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடினான். பிரசவ அறையில் அவளுக்கு அவன் கை கிடைத்தது. பழக்கதோஷத்தில் அவன் "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பிக்க, நர்ஸ், "சார், இது டிரில் பீரியட் இல்ல" என்றாள். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக வந்திருந்தால் இந்தச் சிரிப்பு ஏது என்று நினைத்தாள். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் காலையில் மீசைக்காரர் பட்டாணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அழுதானா?" என்றாள் அவள்.

"நிறைய. மம்மு வேண்டாம்னுட்டான். வீடு முழுக்கத் தூக்கிட்டு நடந்தேன். கடைசில என் காதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கினான்."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். பட்டாணி அவளைப் பார்த்தான். பக்கத்தில் துணி மூட்டை மாதிரி கிடந்ததைப் பார்த்தான். முகத்தைத் திருப்பி மீசைக்காரர் கழுத்தில் புதைத்துக்கொண்டான். அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"அம்மா மேல கோவமாடா தங்கம்?"

அப்பா அவனைப் பிரித்து எடுக்கப் போனான். மீசைக்காரர் தடுத்தார். "விடுங்க. கோவம் இருக்காதா பின்ன? அவனே வரட்டும்." கட்டில் ஓரமாக உட்கார்ந்து, பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி இருந்தார். கொஞ்ச நேரத்தில் பட்டாணி ஒரு காலைக் கீழே இறக்கினான். பிறகு மற்றக் காலை. போர்வையைப் பிடித்துத் தவழ்ந்து வந்து, அவள் கைக்குள் தலையை நுழைத்து, பெரிய பெருமூச்சு ஒன்று விட்டான்.

அவள் அவன் உச்சந்தலையை முகர்ந்துகொண்டே கிடந்தாள். யார் வீட்டுச் சோப்போ மணத்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"பாப்பாவத் தூக்கிப் பாக்கறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் முழங்கை வரை கைகழுவித் துடைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா பெண்ணை அவர் மடியில் வைத்தான். மீசைக்காரர் மூச்சுவிடக்கூட யோசித்தார்.

"இவங்க எப்ப வராங்க நம்ம வீட்டுக்கு?"

"நான் திரும்ப வேலைக்குப் போறப்போ. இடம் இருக்குமா?"

"இருக்கும்" என்றார் அவர், குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல்.