ஆம்புலன்ஸ் வரும் வழி

வீட்டு வரிக்கு உச்சவரம்பு வைக்கச் சொல்லி ஆரிகன் மாநிலம் ஓட்டுப் போட்ட மறுநாள், ஆம்புலன்ஸ் நிலையத்திலிருந்து எங்கள் ஊரான பிட்டர் கிரீக்குக்கு வரும் ஆறு மைல் சாலை பதினேழு மைலாகியிருந்தது. கவுண்டி நிர்வாகத்தின் சர்வேயர்கள் வந்து அளந்தார்கள், பலகையில் எண்ணை மாற்றிவிட்டுப் போனார்கள். வரிப்பணம் குறைந்து பிப்ரவரியில் நூலகத்தை மூடியதும் நாற்பது மைலானது. நிலையத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு எவ்வளவு நீண்டதென்று தெரியாது, அதற்குள் சர்வேயர்களுக்கும் வேலை போயிருந்தது. பீர் லாரிக்கு மட்டும் இன்றுவரை அதே ஆறு மைல்தான், அது என்ன கணக்கோ.

யாரைக் குற்றம் சொல்ல? ஓட்டுச் சீட்டு எங்களுக்குத் தபாலில் வரும். மர ஆலையில் ஓய்வுபெற்ற டெல்பர்ட்டும் அவர் மனைவி லார்னாவும் பேன்கேக் தட்டுகளை ஒதுக்கிவிட்டுச் சமையலறை மேசையிலேயே அதை நிரப்பினார்கள். வரி இன்னும் ஏறினால் வீடு கைவிட்டுப் போகும் நிலை. டெல்பர்ட்டுக்குத்தான் தயக்கம்.

"ஆம்புலன்ஸ்காரங்க சம்பளம் இந்த வரியிலதானே வருது?"

"உனக்கென்ன கேடு, குத்துக்கல்லாட்டம் இருக்கே. வீடே போச்சுன்னா ஆம்புலன்ஸ் எந்த வாசல்ல வந்து நிக்கும்? ஆமாங்கிற வட்டத்தைக் கறுப்பாக்கிட்டுக் கையெழுத்தைப் போடு," என்றார் லார்னா.

போட்டார். வீடு தங்கியது.

மூன்றாம் வருடம் அக்டோபரில், ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்த டெல்பர்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். லார்னா போன் செய்தார். "அவரை அசைக்காதீங்கம்மா, வண்டி கிளம்பிருச்சு," என்றார்கள். பொய்யில்லை, கிளம்பித்தான் இருந்தது. லார்னா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்திருந்தார். நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தார் மனுஷன். பழைய ஆறு மைலாக இருந்திருந்தால் இன்றும் இருந்திருப்பார்.

ஆம்புலன்ஸ் மார்ச் மாதம் சைரன் ஒலிக்க வந்து சேர்ந்தது. ஓட்டுநர் கர்ட்டுக்கு நெஞ்சுவரை தாடி வளர்ந்திருந்தது. ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். "எங்கம்மா அவரு? மூச்சு இருக்கா?" லார்னா தேவாலயத்துக் கல்லறைப் பக்கம் கைகாட்டினார். கர்ட் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"வழியில எங்கயும் நிறுத்தலம்மா."

"தெரியும்ப்பா. ஓட்டைப் போடுன்னு சொன்னவ நான்தான்."

அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். அவருக்கு மனசு ஆறவே இல்லை. எங்களுக்கும்தான், ஊரில் முக்கால்வாசிப் பேர் அதே வட்டத்தைக் கறுப்பாக்கியவர்கள்.

சூப்பும் ரொட்டியும் கொடுத்து வழியனுப்பும்போது, தனக்கும் ஒரு வண்டி சொல்லிவைக்கச் சொன்னார் லார்னா. உடம்புக்கு என்ன என்று கர்ட் கேட்டார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வந்து சேர நாளாகுமே என்றார் லார்னா. இப்போது ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். குழந்தை பிறந்த அன்றே அதன் பேரில் ஒரு வண்டிக்குச் சொல்லிவிடுகிறோம்.