மூன்று தொட்டிகளில் ஒரு புருஷன்

1

இந்தக் கதைக்குப் பூர்வீகம் என்று ஒரு மண்ணும் கிடையாது. வீட்டுக்குள் கள்ளி வளர்ப்பது எப்படி என்று ஒரு மாத இதழில் கட்டுரை கேட்டார்கள். நானும் உட்கார்ந்து, "கள்ளிக்குத் தண்ணீர் குறைவாக விடுங்கள்" என்று எழுதினேன். விஷயம் தீர்ந்துபோயிற்று. கள்ளி வளர்ப்பு சாஸ்திரம் மொத்தமும் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். இதற்குப் புத்தகம் போட்டு விற்கிறவர்களையும் வாங்கிப் படிக்கிறவர்களையும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மீதிப் பக்கத்தை நிரப்ப ஆள் வேண்டியிருந்தது. கெங்கம்மாளைப் பிடித்துப் போட்டேன். ராயபுரம், கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷத்து ஆட்கள் யாரும் இப்போது எழுந்து வந்து தப்புக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடற்காற்று கெங்கம்மாளின் கூந்தலைக் கலைத்தது. அவள் தொலைவில் தெரிந்த கப்பலை ஏக்கத்தோடு"

சீ. காலையில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஆப்பம் சுட்டு விற்கிறவள் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டா இருப்பாள்? அடித்துவிட்டேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன். புருஷன் லோகநாதன் கப்பலில் எடுபிடி வேலை பார்க்கும் கலாசி. ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து, கை நீளத்துக்குத் தூண் மாதிரி நிற்கும் கள்ளி ஒன்றை மண்ணெண்ணெய்த் தகரத்தில் வைத்துக் கொண்டுவந்தான். ஜன்னலோரம் இறக்கினான். அடுத்த கப்பல் ஏறினான். அதன்பிறகு வருஷக்கணக்கில் ஆளும் இல்லை, சேதியும் இல்லை.

அவன் தம்பி பரசுராமனுக்கு அந்த வீட்டின்மேல் கண். அண்ணன் செத்துப்போனான் என்று ஆகிவிட்டால் கெங்கம்மாளை மீஞ்சூரில் அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டைத் தான் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அவள் கழுத்தில் தாலி இருக்கக் கூடாது. தெரு நாட்டாமை வேம்புவையும் தெருக்காரர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணன் பூட்டாரு அண்ணி. நீ இன்னும் பூவும் பொட்டுமா கீற. தெருவே சிரிக்குது."

"அவன் சொல்றதுலயும் நாயம் கீது," என்றார் நாட்டாமை. "இன்னாம்மா சொல்ற?"

கெங்கம்மா ஜன்னலைக் காட்டினாள். "அத்த குட்த்துட்டுத்தான் கப்பல் ஏறுனாரு. இது பச்சையா கீற வரிக்கும் நானும் உசுரோட கீறேன்னு சொன்னாரு. அது காஞ்சா தாலிய நானே கயட்டித் தர்றேன்."*

நாட்டாமை செடியைப் பார்த்தார். பச்சையாகத்தான் இருந்தது. ஒரு மனுஷன் கடலுக்கு அப்பால் பிழைத்திருப்பான் என்று நம்பாத கூட்டம், அவன் உயிர் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் இருக்கிறது என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

(* லோகநாதன் உண்மையில் சொன்னது: "பேஜாரு புட்ச்ச முள்ளு. நீயே வச்சுக்கோ." எனக்குத் தெரியும், அவனை எழுதியவன் நான்தான்.)

3

பொய் நன்றாக வேலை செய்தது. வேண்டியதைவிட நன்றாகவே செய்தது.

வெள்ளிக்கிழமைதோறும் தெருப்பெண்கள் வந்தார்கள். துளசிக்குச் செய்வதைப்போல மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஆளுக்கொரு சொம்பு ஊற்றினார்கள். சிலர் பாலும் ஊற்றினார்கள். "கடல்ல உப்புத் தண்ணிதான். பாவம், தாகமா கீறாரோ இன்னாவோ," என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊற்றாதீர்கள் என்று கெங்கம்மா எப்படிச் சொல்வாள்? புருஷன் வாய்க்குத் தண்ணீர் விடாதே என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள்?

பக்தி ஊற ஊறச் செடி அழுகியது. அடித்தண்டு கறுத்து, விரல் வைத்தால் உள்ளே போயிற்று. நாற்றம் வேறு.

இனி பயனுள்ள தகவல், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கே மறந்துவிடப் போகிறீர்கள் என்றாலும். அடி அழுகினால் தண்ணீரை நிறுத்தி ஒரு புண்ணியமும் இல்லை. சுத்தமான கத்தியால், கறுப்பே தெரியாத சதை வரும்வரை வெட்ட வேண்டும். வெட்டியதை நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியபிறகு மணலில் நட வேண்டும். கடல் மணல் ஆகாது, உப்பு.

ஆனால் வெட்ட விட்டால்தானே. பரசுராமன் தினமும் வேலைக்குப் போகுமுன் வந்து, தண்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். ஜுரக்காரனுக்கு நாடி பிடிக்கிற வைத்தியன்கூட அவ்வளவு அக்கறையாகப் பார்க்க மாட்டான்.

"கத்தி வச்சின்னா எங்க அண்ணனைக் கொன்ன பாவம் உன்னுது, சொல்ட்டேன்," என்றான்.

4

இந்த இடத்தில் அவளை அழவைக்கலாம் என்று நினைத்தேன். "நாதா, தாங்கள் இல்லாத இவ்வுலகில் இந்த அபலை" என்று எழுதிக்கொண்டு போனபோது கெங்கம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"இன்னாய்யா எய்தற? நான் எப்போ இப்டிப் பேசுனேன்?"

உனக்கு அவர் வர வேண்டாமா என்று கேட்டேன்.

"வந்தாத்தான் பேஜாரு. குட்ச்சிட்டு வந்து மாவுச்சட்டிய ஒதைப்பாரு. வராம இருக்கட்டும், சாவாம இருக்கட்டும். என் வூட்ல நான் குந்திக்கினு ஆப்பம் சுட்டுத் துண்ணுக்கினு கீறேன். அது ஒனக்குப் பொறுக்கலையா?"

பதிவிரதையை எதிர்பார்த்து இதுவரை படித்தவர்கள் எழுந்து போகலாம். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் எந்த வரியையும் என்னால் அடிக்க முடியவில்லை.

பட்டப்பகலில், தெருவே பார்க்க, தகரத்தை வாசலுக்குத் தூக்கி வந்தாள். கத்தியை நெருப்பில் காட்டினாள். "சீக்குப் புட்ச்ச எடத்த வெட்றேன். டாக்டரு காலை வெட்ட மாட்டாரா?" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு வெட்டினாள். அழுகலைத் தூர எறிந்தாள். மேல்தண்டு நீளமாக இருந்ததால் அதையும் மூன்றாக நறுக்கி முறத்தில் போட்டு நிழலில் வைத்தாள். லோகநாதன் வடகம் மாதிரிக் காய்வதைத் தெரு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

வெட்டுவாய் காய்ந்ததும் மூன்று தொட்டியில் ஆற்று மணலும் செங்கல் துண்டும் போட்டு நட்டாள். பரசுராமன் நாட்டாமையோடு வந்தான்.

"மூணு தொட்டி கீது. இதுல எது எங்க அண்ணன்?"

"மூணுந்தான்," என்றாள் கெங்கம்மா. "ஒண்ணு பூட்டாலும் ரெண்டு கீறாரு."

நாட்டாமை வேம்பு தலையைச் சொறிந்தார். குடிகாரன், திருடன், ஓடிப்போனவன் எல்லாரையும் விசாரித்த மனுஷன், மூன்று துண்டான புருஷனுக்குச் சட்டம் கண்டதில்லை. கடைசியில், "மூணும் செத்தாத்தாம்பா செத்த கணக்கு," என்று பரசுராமனிடம் சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சொம்போடு வந்தவர்களைக் கெங்கம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "வெட்டுப்பட்ட ஒடம்பு. பத்தியம். தண்ணி ஆவாது," என்றாள். அவர்கள் பயபக்தியோடு திரும்பிப் போனார்கள்.

5

முடிவுக்கு மூன்று யோசனை வைத்திருந்தேன்.

லோகநாதன் திரும்பி வருவது. [வேண்டாம். அவள் என் கையை உடைப்பாள்.]

மூன்று தொட்டியும் ஒரே நாளில் பூப்பது. [இதை எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு விருதுகூடக் கிடைக்கும்.]

பரசுராமன் மனம் திருந்தி அண்ணி காலில் [சிரிப்பு வந்துவிட்டது.]

மூன்றையும் கிழித்துப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பூவம்மா வந்தாள். நான் கூப்பிடவில்லை. பரசுராமனின் பெண்டாட்டி. நடுமதியம், புருஷன் தண்டையார்பேட்டைக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிற நேரம். ஓரகத்தி வீட்டுக்கு அவள் வருவதே அபூர்வம். மணிக்கட்டில் வளையல் உடைந்து கிழித்த காயம் இருந்தது. அவள் புருஷன் எந்தக் கப்பலும் ஏறவில்லை. ஒரு நாள் தவறாமல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

"அக்கா, எனக்கும் அதுல ஒரு துண்டு குடுக்கா."

"ஒனக்கு இன்னாத்துக்குடி? ஒம் புருசன் வூட்லதானே கீறான்?"

பூவம்மா ஜன்னலோரம் போய்த் தொட்டிகளைப் பார்த்தாள். ஒரு முள்ளை விரலால் தொட்டாள். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"எவ்ளோ தண்ணி ஊத்துனா அயுகும்க்கா?"

கெங்கம்மா அந்தக் காயத்தைப் பார்த்தாள். பிறகு பதில் சொன்னாள். நான் எழுதியும் வைத்திருக்கிறேன், தரப்போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணமான பெண்கள் எழுதினால் அளவு சரியாக இருக்கும். எழுதும்போது வீட்டில் யாராவது எட்டிப் பார்த்தால், காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.