பழைய கிணற்றுத் திருத்த வேலை

கிராமசபைச் சேர்மன் பரமலிங்கத்துக்கு அரசாங்கப் பணத்தைச் செலவழிக்கத் தெரியாது என்று எவராவது சொன்னால் அது பச்சைப் பொய். எங்கே செலவழிக்கலாம் என்பது மட்டுமல்ல, எங்கே செலவழிக்கவே கூடாது என்பதும் அந்த மனிதருக்குத் தண்ணீர்பட்ட பாடு. கிழக்குக் குறிச்சியில் செலவழிக்கக் கூடாது. தீவின் அந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் பரமலிங்கத்தின் தோட்டக் கிணற்றில்தான் இருந்தது. வீட்டுப் பாவனை முடிந்து, புகையிலைக்கு இறைத்து முடிந்து, அவருக்கு மனமும் வந்தால் தோட்டத்து வேலிப் படலை திறக்கும். அதுவரை பெண்கள் குடத்தோடு வெயிலில் நிற்பார்கள். தேர்தல் வந்தால் அதே பெண்கள் போய் அவர் கைகாட்டுகிற ஆளுக்குப் புள்ளடி போடுவார்கள்.

அந்தப் படலையில் நின்று நின்று வயிறெரிந்துதான் அன்னப்பிள்ளை கிராமசபைத் தேர்தலுக்குப் பெயர் கொடுத்தாள். தனிக்கட்டை, விதவை, வாய் கொஞ்சம் நீளம். பரமலிங்கத்துக்குத் தலையாட்டிவிட்டுப் பெட்டிக்குள் அவளுக்குப் போட்ட பெண்களால் வென்றும் விட்டாள். மறுநாளிலிருந்து படலை இன்னும் பிந்தித் திறந்தது. “உங்கட மெம்பரிட்டைப் போய்க் குடியுங்கோவன்” என்று அவருடைய தோட்டக்காரன் சொன்னானாம். சொல்லிக் கொடுத்தது யார் என்று குறிச்சிக்குத் தெரியும்.

அவள் விடவில்லை. பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் என்று எழுபதுகளில் ஒரு புதுமை வந்திருந்தது. தொகுதிக்கென்று பணம் ஒதுக்குவார்கள், ஊருக்கு என்ன வேண்டும் என்று ஊரே கேட்கலாம். அன்னப்பிள்ளை லோஞ்சுப் படகிலும் பஸ்ஸிலுமாய் யாழ்ப்பாணம் போய் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் காய்ந்தாள். பாராளுமன்ற உறுப்பினரின் வீட்டு விறாந்தையிலும் காய்ந்தாள். கடைசியில் கிழக்குக் குறிச்சிக்குப் பொதுக் கிணறு ஒன்று என்று ஒதுக்கீடு வந்தது. ஐப்பசியிலேயே வந்துவிட்டது. வந்த கடிதம் பரமலிங்கத்தின் அலுமாரிக்குள் படுத்துக்கிடந்து, மார்கழி பிறந்த மறுநாள்தான் கூட்டத்துக்கு எழுந்து வந்தது.

கூட்டத்தில் பரமலிங்கம் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தபடியே பெருமூச்சு விட்டார். மார்கழியில் எந்தச் சைவன் முதல் மண்வெட்டி போடுவான் என்று கேட்டார். தை பிறக்கட்டும் என்று இருந்தால் டிசம்பர் முப்பத்தோராந் திகதியோடு ஆண்டுக் கணக்கு மூடிவிடும், செலவழியாத பணம் திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும் என்றார். ஊருக்கென்று வந்த காசைத் திருப்பி அனுப்பினால் வருகிற வருடம் கச்சேரியில் எவன் மதிப்பான்? ஆகையால் அவர் ஒரு வழி கண்டிருந்தார். ஆலை ஒழுங்கை குண்டும் குழியுமாய்க் கிடக்கிறது, அதைத் திருத்துவோம். புதிதாய்த் தொடங்கினால்தானே நாள் பார்க்க வேண்டும்? திருத்த வேலைக்கு மார்கழி இல்லை.

ஆலை ஒழுங்கையின் முடிவில் ஒரே ஒரு ஆலை இருந்தது. நெல்லுக் குத்துகிற அந்த ஆலை பரமலிங்கத்தினுடையது. இது சபையில் இருந்த கதிரைகளுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் மற்ற மெம்பர்களில் தம்பிராசா தலையை ஆட்டினார். ஆழ்வாப்பிள்ளை வேட்டிக் கரையைப் பார்த்தார். கரையோரக் குறிச்சியின் மெம்பர் சில்வெஸ்ரர் மட்டும் எழும்பி, தங்களுக்கு மார்கழி கிறிஸ்து பிறந்த நத்தார் மாதம் என்றும் தங்கள் ஆட்கள் நாளைக்கே வந்து கிணறு வெட்டித் தருவார்கள் என்றும் சொன்னார். பரமலிங்கம் சிரித்தார். குறிச்சிச் சனம் சம்மதித்தால் தனக்கென்ன என்றார். வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் ஒழுங்கைக்கு மதிப்பீடு கொண்டுவரும்வரை கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அன்னப்பிள்ளை அன்றே வீடு வீடாய் ஏறினாள். அங்கேதான் அவளுக்கு உண்மையான அடி விழுந்தது. எவர் வெட்டினாலும் கிணறு எங்கள் குறிச்சியில்தானே இருக்கப்போகிறது என்றார்கள். மார்கழியில் பூமியைத் திறந்து எடுத்த தண்ணீரைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்றார்கள். படலையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று பரமலிங்கத்தை மண்ணள்ளித் தூற்றுகிற இராசேஸ்வரி கூடக் கையை விரித்தாள்.

“அக்கா, கோவியாதையுங்கோ. என்ரை வீட்டிலை மூண்டு குஞ்சுகள் இருக்கு. எனக்குப் பயம்.”

“அப்ப அவன்ரை படலையிலை நிண்டு காயுங்கோ” என்று சொல்லிவிட்டு அன்னப்பிள்ளை திரும்பி நடந்தாள். பரமலிங்கத்தின் மேல் இருந்த கோபத்தைவிட இவர்கள் மேல் வந்த கோபம் பெரிதாயிருந்தது. இந்தச் சனத்துக்காகவா செருப்புத் தேய அலைந்தேன் என்று நெஞ்சு கொதித்தது. அவர் நேரே மோதித் தோற்கடித்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் ஒரு விரலும் அசைக்காமல், இவளுடைய சனத்தைக் கொண்டே இவளைத் தோற்கடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து குசினிக்குள் அடுப்பை மூட்டினவள் அப்படியே இருந்துவிட்டாள். திருத்த வேலைக்கு மார்கழி இல்லை. அந்த மனிதரே சபையில் சொன்ன வார்த்தை. திருத்துவதற்கு ஒரு கிணறு இருந்தால் போதும்.

கிணறு இருந்தது. அவளுடைய சீதனக் காணியின் தெற்கு மூலையில், பனங்குற்றி பரப்பி, மேலே முருகைக்கல் குவித்து, கள்ளிமுள் ஏறிக் கிடந்தது. ஒரு காலத்தில் குறிச்சியிலேயே தித்திக்கிற தண்ணீர் அதுதான். சுற்றுக்கட்டு இல்லாத கிணறு. அவளுடைய ஒரே பிள்ளை நாகபூசணி, பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி படிக்கிற வயதில், வாளி விட்டு விளையாடப் போய் அதற்குள் விழுந்து செத்தது. தூரத்துப் பதுளையில் கடை வைத்திருந்த அவளுடைய புருஷன் நடராசா வந்து, பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு, தன் கையாலேயே கிணற்றை மூடினார். பிறகு அவர் பதுளையிலிருந்து ஊருக்கு வரவில்லை. அங்கேயே கண்ணை மூடினார். அந்தக் கிணற்றின் பெயரை ஊரில் ஒருவரும் அன்னப்பிள்ளைக்கு முன்னால் எடுப்பதில்லை. அவள் அந்த மூலைக்குப் போவதுமில்லை, அந்தப் பக்கத்து யன்னலைத் திறப்பதுமில்லை.

அடுப்பு அணைந்து போயிற்று. அவள் திரும்ப மூட்டவில்லை.

இரண்டு நாளில் கூடிய அடுத்த கூட்டத்தில் ஓவசியர் ஒழுங்கை மதிப்பீட்டை மேசையில் விரித்தார். பரமலிங்கம் யார் முன்மொழிகிறீர்கள் என்று கேட்க முன்னமே அன்னப்பிள்ளை எழும்பினாள். திருத்த வேலைக்கு நாள் பார்க்கத் தேவையில்லை என்று தலைவர் சொன்னதைச் சபை ஒப்புக்கொள்கிறதா என்று கேட்டாள். எல்லோரும் ஓம் என்றார்கள். அப்படியென்றால் கிணற்றுக்கு வந்த பணத்தில் ஒரு பழைய கிணற்றையே திருத்தலாம், தோண்டத் தேவையில்லை, இறைத்துத் துப்புரவாக்கிக் கட்டுக் கட்டினால் சரி என்றாள். ஓவசியர் யோசித்துவிட்டு, பத்து நாளில் முடிக்கலாம், கச்சேரியும் கேள்வி கேட்காது என்றார்.

பரமலிங்கத்துக்கு விளங்கவில்லை. கிழக்குக் குறிச்சியில் திருத்துகிற மாதிரி ஏது நல்ல தண்ணீர்க் கிணறு என்று சிரித்தார்.

“என்ரை காணிக்குள்ளை இருக்கு. காணித்துண்டைச் சபைக்கு எழுதித் தாறன்.”

பரமலிங்கத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு போக இடம் தெரியாமல் நின்றது. பிறகு அவர் செய்த காரியத்தை எந்தக் காலத்திலும் மன்னிக்க முடியாது. குரலைத் தாழ்த்தி, துக்கம் விசாரிக்க வந்தவர் போலக் கேட்டார்.

“அன்னப்பிள்ளை, பிள்ளை கிடந்த கிணத்தையோ திறக்கச் சொல்லுறீர்? பெத்த தாய் நீர்.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓம். பெத்த தாய்தான் சொல்லுறன். தீர்மானத்தை எழுதுங்கோ.”

சில்வெஸ்ரர் முன்மொழிந்தார். வழிமொழிய ஆளில்லாமல் கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு இதுவரை பரமலிங்கத்தைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டாத ஆழ்வாப்பிள்ளை, ஒருவர் முகத்தையும் பாராமல் கையை உயர்த்தினார். அவரைக் கண்டு தம்பிராசாவும் உயர்த்தினார். ஆலை ஒழுங்கை குண்டும் குழியுமாகவே கிடந்தது.

ஊர்காவற்றுறையில் நொத்தாரிசிடம் காணி உறுதி எழுதி முடிந்ததும் வேலை தொடங்கியது. சில்வெஸ்ரரின் ஆட்கள் முள்ளை வெட்டிக் கல்லை அகற்றினார்கள். பனங்குற்றியைத் தூக்கினபோது குறிச்சியே வேலிக்கு வெளியே வந்து நின்றது. அன்னப்பிள்ளை கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, சீமெந்து நனைகிறது, ஓலைக் கிடுகால் மூடு என்று கண்டவனையெல்லாம் ஏசிக்கொண்டிருந்தாள். இறைக்கிற மிசின் இரைந்த நேரம் முழுக்க ஏசினாள். ஒருதரம்கூடத் திரும்பவில்லை. வேலையாட்களில் ஒருவன் இந்தப் பொம்பிளைக்கு ஈரமே இல்லையோ என்று முணுமுணுக்க, சில்வெஸ்ரர் அவனுக்கு முதுகில் ஒன்று வைத்தார்.

ஆண்டு முடிய முன்னமே வேலை முடிந்து கணக்கும் போயிற்று. தைப்பொங்கல் கழிய, பரமலிங்கம் மாலை போட்டுக்கொண்டு வந்து கிணற்றைத் திறந்துவைத்தார். கிணற்றுச் சுற்றுக்கட்டில் பதித்த கல்லில் அவருடைய பெயர் இருந்தது. முயற்சி எடுத்தவர் என்றும் இருந்தது. அதைப் பார்த்து அன்னப்பிள்ளை காறித் துப்பினாள். திறப்பு விழாவில் அல்ல, எல்லோரும் போனபிறகு. இடுப்பளவு உயரமாய், எந்தப் பிள்ளையும் எட்டிப் பார்க்க ஏலாதபடி கட்டு நின்றது. அதை மட்டும் அவள் கையால் தடவிப் பார்த்தாள்.

பழைய கிணறுதானே என்று சனம் ஒரு பயமுமில்லாமல் அள்ளியது. பங்குனி வெயிலில் மற்றக் கிணறுகள் கடல் நீராய் மாறின பிறகும் அது தித்தித்தது. இராசேஸ்வரியின் பிள்ளைகள் அங்கேதான் குளித்தன. பரமலிங்கத்தின் படலையடியில் புல் முளைத்தது. அவர் இப்போது விடிய எழும்பியதும் படலையைத் தானே அகலத் திறந்து வைத்தார். ஒருவரும் வரவில்லை.

ஒருவர் வந்தார். பங்குனி நடுவில் ஒரு காலை, அன்னப்பிள்ளை குடத்தோடு வந்து படலைக்குள் நுழைந்தாள். அன்று மட்டுமல்ல, மறுநாளும் வந்தாள். மழைத்தண்ணீர் சேர்த்து வைத்த பீப்பாய் வற்றும்வரை எப்படியோ ஒப்பேற்றியிருந்தாள். புதுக் கட்டுக் கிணற்றில் ஒரு கை அள்ளி வாயில் வைக்க அவளால் முடியவில்லை. வைக்கப் போனாள், அள்ளினதைக் கீழே ஊற்றிவிட்டாள். கிணற்றடியிலேயே இருந்து, பிள்ளை செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதுவிட்டு எழும்பினாள். அதை எவரும் காணவில்லை.

பரமலிங்கத்துக்கு முதல் நாள் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. மறுநாள் முகத்தில் பழைய களை வந்தது. தோட்டத்திலிருந்து மெதுவாக நடந்து வந்து, கிணற்றுத் துலாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

“என்ன, ஊருக்கெல்லாம் கிணறு குடுத்தனீர். உமக்கு அதிலை ஒரு குடம் தண்ணி இல்லையோ?”

அன்னப்பிள்ளை குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றினாள். தெரியாமல் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த மனிதரை அவள் அன்றைக்குப்போல் என்றைக்கும் வெறுத்ததில்லை.

“இருக்கு, பரமலிங்கம். அது என்ரை பிள்ளையின்ரை தண்ணி, அதை ஊர் குடிக்குது. உம்மட தண்ணியைக் குடிக்க இனி நான் ஒருத்திதான். நானும் வராட்டில், நீர் ஆருக்குப் படலை திறப்பீர்?”

அவள் போனபிறகும் அவர் துலாவடியிலேயே நின்றார். மறுநாள் விடிய, வழமைபோல, அவரே போய்ப் படலையைத் திறந்துவைத்தார்.