லீவு நாளும் கணக்குத்தான்

எங்கள் ஹாங்காங் படிக்கட்டுத் தெருவில் யார் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். கெட்ட பழக்கம்தான். மோக் அண்ணிக்கு வந்தது சர்க்கார் நோட்டீஸ். கல்லறைகள் இருக்கும் குன்றில் ரோடு வருகிறது. முப்பது நாளுக்குள் அவரவர் கல்லறையைத் தோண்டி எலும்பை எடுத்துக்கொள்ள வேண்டும். மிஞ்சியதையெல்லாம் சர்க்காரே எடுத்து ஒரே குழியில் போட்டுவிடும். அண்ணியின் ஒரே மகள் ஆ-லின் அங்கேதான் இருந்தாள். ஆறு வயதில் காய்ச்சலில் போனவள்.

முப்பதாவது நாள் சீனப் புத்தாண்டின் நாலாம் நாளில் விழுந்தது. நாள் பார்ப்பவரோ ஆறாம் நாளுக்கு முன்னால் நல்ல நாளே இல்லை என்றுவிட்டார். அண்ணி, சட்ட ஆபீஸில் நகல் எழுதும் யிப்பைக் கேட்டாள். குளிக்கும்போதுகூட மூக்குக்கண்ணாடியைக் கழற்றாத பெரிய மனுஷன்.

"புத்தாண்டு லீவு மூணு நாளும் கணக்குல வராது அண்ணி. கெடுவை எப்படி எண்ணணும்னே தனியா ஒரு சட்டம் இருக்கு. ஏழாம் நாள் வரைக்கும் உங்களுக்கு டைம்."

"நிச்சயமாத் தெரியுமா தம்பி?"

"என்னைக் கேக்காம அந்தச் சட்டம் பல்லுகூட விளக்காது!"

நான் சும்மா இருந்தேனா? "புத்தாண்டும் அதுவுமா யாராவது எலும்பைத் தொடுவாங்களா? போய்ப் பலகாரத்தைப் பாருங்க அண்ணி" என்றேன்.

ஆறாம் நாள் காலை, எலும்பெடுக்கும் ஆளோடு குன்றேறினோம். வரிசையாக வெறும் குழிகள். முந்தின நாளே தோண்டி, எல்லாவற்றையும் ஒன்றாகப் புதைத்து முடித்திருந்தார்கள்.

நேரே யிப்பின் ஆபீஸுக்குப் போனோம். அவன் தாள்களைப் புரட்டினான், ஒன்றை உருவி எங்கள் முன் வைத்தான். மூன்று மாதத்துக்கு முன்பே அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்களாம். இனி லீவு நாளும் கணக்கில் உண்டு. கடைசி நாளே லீவாக இருந்தால்தான் மறுநாள்.

"இது யார் கையெழுத்து?" என்றேன்.

அவனுடையதுதான். முத்து முத்தாகப் பன்னிரண்டு பிரதி எழுதியிருக்கிறான்.

"கை எழுதுச்சுக்கா. நான் படிக்கல."

அண்ணி திட்டவில்லை. "அந்தக் குழியில மொத்தம் எத்தனை பேரு?" என்று மட்டும் கேட்டாள்.

"நாப்பத்தொண்ணு" என்றான் யிப், தாளைப் பார்த்து.

கல்லறை கும்பிடும் நாளில் அந்தக் குழி முன்னால் நாற்பத்தொரு கிண்ணத்தில் சோறும் மீனும் வைத்தாள். நானும் யிப்பும் கூடை தூக்கிப் போயிருந்தோம். எங்களை வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

"மீன்ல முள்ளு எடுத்தாச்சா?" என்றாள்.

"எந்தக் கிண்ணத்துல அண்ணி?"

"எல்லாத்துலயும் எடுங்க. எது அவ கைக்குப் போவுமோ."

உட்கார்ந்து எடுத்தோம்.