குரல் அறியாத் திறம்

முகில் மூடிய வானின்கீழ் மாடிவீடுகள் அடுக்கிவைத்த பெட்டிகள்போல் நிரைநிரையாய் நிற்க, தெருவில் ஊர்திகளின் ஆரவாரம் அலைகடலென ஓயாது எழ, வெயிலுமன்றி மழையுமன்றி மங்கிக் கிடந்ததொரு பிற்பகலில், நான்காம் மாடியின் சிறு அறையொன்றிலே, காதுகளில் ஒலிப்பொறி பூட்டிய பண்தொகுப்பாளி ஒருத்தி ஒரே பாட்டை நாற்பதாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கற்றறிந்தோரே! ஐந்தே இசைநிலைகளால் அமையும் பண்ணைத் திறம் என்பர். எண்ணிப் பார்ப்பின் முந்நூற்று முப்பது திறங்கள் பிறக்கும். அவற்றுள் எவரும் பாடாது கிடப்பனவற்றைத் தேடிப் பாடிப் பெயரிட்டு நூலாக்கும் பணியில் ஒன்பதாண்டு உடனுழைத்த அவள் கணவன், மூன்று கிழமைக்கு முன் நெஞ்சடைத்து மாண்டான். "இதுக்கு நான்தான் பேர் வெப்பேன், நீ கை வெக்காத" என்று நகைத்து அவன் ஒதுக்கிவைத்த ஒன்று பெயரின்றி நின்றது. அவன் எழுதிய தாளில் ஐந்து நிலைகளும் இருந்தன. அவற்றுள் எது குரல், அஃதாவது பாடுவோன் புறப்பட்டு மீண்டடையும் இல்லம் போன்ற முதல்நிலை, என்னும் குறிப்பில்லை. குரல் மாறின் திறமே மாறும்; ஆதலின் குரல் அறியாததற்கு வெற்றெண்ணே உரியது, பெயரில்லை என்பது இருவரும் வகுத்த நெறி. அவன் அதனைப் பாடிவைத்த பதிவோ, குரலை மீண்டடையுமுன்னரே அறுந்திருந்தது. ஏடுகள் மாலைக்குள் அச்சகம் சேரவேண்டும்.

அவள் அழவில்லை. பனிக்கட்டிநீரில் நெடிது அமிழ்த்திய விரல்போல உள்ளம் மரத்திருந்தது. அவன் பாட்டும் அளக்கவேண்டிய இடைவெளிகளாகவே கேட்டது.

கணவனின் தங்கை உணவுக் கிண்ணத்தோடு வந்தாள்.

"அண்ணி, காலையிலேருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கல நீங்க. அதக் கழட்டுங்க. எங்க, நானும் கேக்கறேன்."

கேட்டவள் நெற்றி சுருக்கினாள். "என்ன இது, கழுவிக் கவுத்த தட்டு மாதிரி இருக்கு? அண்ணன் எனக்கு அனுப்புனதுல 'உம்'முன்னு ஒண்ணு கூடவே வருமே!"

"அது இரைச்சல். எல்லாப் பதிவுலயும் எடுத்துடுவேன்."

"இரைச்சலா? உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் அண்ணி அது! அதுமேல சாஞ்சாத்தான் அண்ணனுக்குப் பாட்டே வரும். பாலுக்கும் முட்டைக்கும் கச்சேரி பண்ற ஒரே ஆளுன்னு எவ்ளோ ஓட்டியிருப்பேன்!"

நாள்தோறும் கேட்டமையாலேயே கேளாதுபோன அவ்வொலியை, நாத்தனாரின் கைப்பேசியில் அவள் மீண்டும் கேட்டாள். முழக்கம் மூன்றாம் நிலையில் ஊன்றி நிற்க, ஏனைய நான்கும் கன்றுகள் தாயைச் சூழ்வதுபோல் அதனைச் சூழ்ந்தன. குரல் அதுவே. 'அடுக்களைத் திறம்' என்று எழுதினாள்.

"அண்ணன் இந்தப் பேருதான் வெச்சிருப்பாரா?"

"தெரியல. இதவிட நல்லதா வெச்சிருப்பார்."

ஏடுகளை அனுப்பிவிட்டு அடுக்களை புகுந்து, குளிர்ப்பெட்டியின்மேல் சாய்ந்து, அவன் நிறுத்திய இடத்திலிருந்து பாடி முதல்நிலையை அடைந்தாள். அடைந்த அந்நொடியே பெட்டி சிலிர்த்து ஓய்ந்தது. தூய்மை செய்வதாய் எண்ணி நாம் துடைத்தெறியும் ஒலியிலன்றோ ஒருவர் ஊன்றி நின்ற நிலம் இருக்கிறது! விழிநீர் அப்பொழுதும் வரவில்லை. பெட்டி மீண்டும் முழங்கும் வரையில், அந்த ஒரு குரலை விடாது தாங்கியபடி அவள் நின்றாள்.