வீட்டுக்கு ஒரு கூறு குரல்

ஆடி மழை ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமையன்று தும்பைக்காட்டு மக்கள் கோகிலவாணியின் குரலை வீட்டுக்கு ஒரு கூறாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. எந்த வீட்டுக்கும் மனக்குறை இல்லை. கோகிலவாணிக்கு மட்டும் இருந்தது; அதைச் சொல்ல அவளிடம் குரல் இல்லை.

தும்பைக்காடு ஜவ்வாது மலையில், பேருந்து திரும்பிப் போகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே சாமை விளையும், புளி காய்க்கும், பலா பழுக்கும். போன் மட்டும் எடுக்காது. எதிர்மலை டவரைக் கண்ணால் பார்க்கலாம். அதன் சிக்னல் வேண்டுமென்றால் ஊருக்கு மேற்கே உள்ள ஆட்டுப்பாறையில் ஏறி, போனைத் தலைக்கு மேல் தூக்கி, இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அப்படியே அசையாமல் நிற்க வேண்டும். போளூர்க் கல்லூரியில் முதலாண்டு படித்த கோகிலவாணி விடுமுறைக்கு வந்தபோது இப்படி நின்று நின்று கை கடுத்து, டவரைத் திட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் திட்டு பாட்டாகிவிட்டது. "டவரே டவரே தலையாட்டு, ஒத்தக் கோடாச்சும் நீ காட்டு" என்று தொடங்கி, "அலோ அலோ அலல்லோ" என்று நடுவில் துள்ளி, "மலையே கொஞ்சம் நகந்துக்கோ" என்று முடிகிற பாட்டு. கீழே புளி ஏற்றிக்கொண்டிருந்த மினிலாரியில் ஃபஹீம் உட்கார்ந்திருந்தான். வருடா வருடம் வாணியம்பாடியிலிருந்து புளி வாங்க வரும் ஃபரூக் பாயின் மகன். எடை பார்க்கச் சொன்னால், மூட்டை விழும் சத்தத்தைப் போனில் பதிந்து தாளமாக்கிக்கொண்டிருப்பான். அவன் பாறைக்கு ஏறி வந்து, "இன்னொரு வாட்டி திட்டு" என்றான்.

வீடியோவையும் அந்தப் பாறையிலேயே எடுத்தார்கள். கோகிலவாணி முன்னால் நின்று பாடினாள். பின்னால் ஊர் முழுக்க இருந்தது. யாரும் நடிக்கவில்லை, அவரவர் வேலையாக வந்தவர்கள். சுந்தரம்மாள் திருப்பூரிலிருக்கும் மகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊர்க்கவுண்டர் பஞ்சாட்சரம், லோன் வேண்டுமா என்று கேட்ட ஏதோ ஒரு பெண்ணுக்கு வேண்டாமென்று விளக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் போனைத் தூக்கினார்கள், இடப்பக்கம் நகர்ந்தார்கள், சுற்றினார்கள், அசையாமல் நின்றார்கள். பார்த்தவர்கள் இப்படியொரு நடனத்தை அதுவரை பார்த்ததில்லை. சித்திரைக்குள் செங்கத்து மினிபஸ்ஸில் அந்தப் பாட்டு, படவேட்டுக் கரும்பு வண்டியில் அந்தப் பாட்டு, வாணியம்பாடிக் கல்யாண மண்டபங்களில் பிரியாணிக்கு முன்பும் பின்பும் அந்தப் பாட்டு. சென்னையில் பள்ளிப் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் நகர்ந்தார்கள். எதிர்மலை டவர், பல்லவி வரும்போது மெல்லத் தலையாட்டியது. கம்பெனிக்காரர்கள் வந்து போல்ட்டுகளை முறுக்கிவிட்டுப் போனார்கள். பிறகும் ஆட்டியது, ஆனால் முன்பைவிட நிதானமாக.

மலையில் ஒரு முறை உண்டு. பாறையிலும் காட்டிலும் கிடைத்தது ஊருக்குச் சொந்தம். முன்பு காட்டுப்பன்றி, இப்போது வனத்துறைக்குப் பயந்து தேனடை. கிடைத்ததை ஊர்க்கவுண்டர் முன்னிலையில் மந்தாரை இலைகளில் வீட்டுக்கு ஒரு கூறாக வைப்பார்கள். முதலில் கண்டவருக்குத் தலைக்கூறு, அதாவது உச்சிப் பகுதி. ஊர் வைத்த கூறை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. கொடுத்த கூறைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. பாட்டு இவ்வளவு பெரிதான பிறகு அதை ஒரே வீட்டில் வைத்திருப்பது அழகில்லை என்று ஊரில் பேச்சு எழுந்தது. பஞ்சாட்சரம் கோகிலவாணியைக் கூப்பிட்டு, "பாட்டு பாறையிலதான கெடைச்சிது?" என்று கேட்டார். "ஆமா பெரீப்பா" என்றாள் அவள் பெருமையாக. "அப்ப அது ஊருக்குத்தான கண்ணு?" "பங்கு போட்டுக்குங்க பெரீப்பா, எனக்கின்னா போச்சி" என்றாள். எல்லோருக்கும் ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். இலைகளையும் அவளே பரப்பினாள். பாட்டை ஒரு முறை பாடினாள்; வரிக்கு ஒரு வீடாக இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். இலையில் பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் மடித்தபோது கனம் இருந்தது.

மறுநாள் காலையில் சுந்தரம்மாள் கோழிகளைக் கூப்பிட்டபோது பதினெட்டு வயதுப் பெண்ணின் குரல் வந்தது. கோழிகள் வந்தன, அவற்றுக்கு வேறுபாடு இல்லை. அவள் மகன்தான் போனில், "யாரும்மா நீ? போன எங்கம்மாகிட்ட குடு" என்று கத்தினான். அதே ஊர்க்காரரான பேருந்துக் கண்டக்டர் வெற்றிச்செல்வன் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லச் சொல்ல, இறங்க வேண்டியவர்கள் இறங்காமல் கேட்டுக்கொண்டே ஜமுனாமரத்தூர்வரை போனார்கள். பஞ்சாட்சரத்துக்கு நடுவில் வரும் துள்ளல் கிடைத்திருந்தது. வரப்புத் தகராறிலோ ஆட்டுத் தகராறிலோ கம்பீரமாகத் தீர்ப்புச் சொல்லி முடித்ததும், அவருடைய நரைத்த மீசைக்குக் கீழிருந்து "அலோ அலோ அலல்லோ" என்று இளம்பெண் குரல் துள்ளிக்கொண்டு வெளியே வரும். இரு தரப்பும் தலையசைத்து எழுந்துபோவார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் சிரித்தான். அவனுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

முதலில் கண்டவள் என்பதால் கோகிலவாணிக்குத் தலைக்கூறு வந்திருந்தது. அந்தப் பாட்டு, ஒரு மூச்சை உள்ளிழுப்பதில் தொடங்குகிறது. அந்த மூச்சுதான் தலைக்கூறு. அவள் வாயைத் திறந்தால் "ஹ்" என்று வந்தது. அதோடு சரி. கல்லூரி திறந்தும் அவள் போகவில்லை. "வூடு ஒரு மாதிரி நிம்மதியாத்தான் கீது" என்றாள் அம்மா அன்பரசி.

அந்த வாரமே சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனியின் கவியா என்ற பெண் ஃபஹீமுக்குத் தகவல் அனுப்பினாள். இரண்டாவது பாட்டு வேண்டும். ஐப்பசியில் மலைக்கே வந்து பதிவு செய்துகொள்வதாகச் சொன்னாள். பாடகிக்குத் தொண்டை சரியில்லை என்று ஃபஹீம் இழுத்ததும், அதனால் ஒன்றுமில்லை, வேறொரு பெண்ணைப் பாடவைத்துவிடலாம், கோகிலவாணி வீடியோவில் வாயசைத்தால் போதும் என்றாள். கோகிலவாணி பாறையில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கும் சத்தம் வரவில்லை. ஊருக்குள் வராமல் திரும்பிப் போகும் பேருந்தைப் பற்றிய இரண்டாவது பாட்டு அவள் தலைக்குள் ஏற்கெனவே முழுதாக இருந்தது. அதை இன்னொரு தொண்டை பாடுவதைக் கேட்டால் தான் செத்துவிடுவாள் என்று நினைத்தாள். நடந்ததையெல்லாம் ஃபஹீமுக்கு எழுதி அனுப்பினாள். அவன் குரல் பதிவாகப் பதில் அனுப்பினான்: "கொரல ஊரே வச்சினுகீதா? அது இன்னா மிக்ஸியா கோகிலா, இரவல் குடுக்க? போய் வாங்கினு வா." அவள் பஞ்சாட்சரத்திடம் எழுதிக் காட்டினாள். அவர் வருத்தத்தோடு படித்துவிட்டு, "தின்ன பன்னியத் திருப்பிக் கேட்டா யாரு கண்ணு குடுப்பாங்க? அலோ அலோ அலல்லோ" என்றார்.

அவளுக்கு வழி காட்டியது பகை. பக்கத்து வீட்டு மங்கம்மாளுக்கும் அவர்களுக்கும் எல்லையில் நிற்கும் பலாமரத்தால் கோகிலவாணி பிறப்பதற்கு முன்பிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. நெருப்புகூடக் கைமாறாது. ஊர் வைத்த கூறு என்பதால் மங்கம்மாள் அன்று மறுக்க முடியாமல் கடைசி வரியை வாங்கிப்போயிருந்தாள். படவேட்டிலிருந்து வந்த நாத்தனார் அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "எதிராளி வூட்டுக் கொரல மாட்டினு பேசறியே, ஒனக்கே நல்லாகீதா?" என்றாள். அவ்வளவுதான். மங்கம்மாள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு அன்பரசி வாசலில் வந்து நின்றாள். "இந்தாடி! ஒங்க வூட்டு கொரலு என் தொண்டையில கெடக்க வாணாம்! வச்சினு நீயே ஆளு!" இளம்பெண் குரலில் தொடங்கிய வசவு, முடியும்போது மங்கம்மாளின் சொந்தக் கரகரப்பில் இருந்தது. கோகிலவாணிக்குத் தொண்டையில் ஒரு பலாச்சுளை இறங்கியது போலிருந்தது. "தேங்க்ஸ் அத்தே" என்றாள், 'மலையே கொஞ்சம் நகந்துக்கோ' மெட்டில். "தேங்க்ஸா? இன்னா திமிரு பாத்தியா!" என்று மங்கம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். முறை மீறப்படவில்லை. பகை வீட்டுப் பண்டத்தை வாசலில் வீசலாம் என்ற வழக்கம், கூறு போடும் வழக்கத்தைவிடப் பழையது.

ஆகவே கோகிலவாணி ஒவ்வொரு வீட்டோடும் சண்டை போட வேண்டியதாயிற்று. அது சுலபமாக இல்லை. ஊருக்கே அவள்மேல் பிரியம். கையில் இருந்ததோ ஒரே ஒரு வரி. எந்த வசவாக இருந்தாலும் அந்த நீளத்துக்குள், அந்த மெட்டுக்குள் அடங்க வேண்டும். சுந்தரம்மாள் கொடுத்த கூழை வாங்கி, "கூழா இது, செவுத்துக்குப் பூசு" என்றாள். "எம்மா அழகா பாடுது பாரு" என்று சுந்தரம்மாள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். கோகிலவாணி மூச்சு இழுத்துக்கொண்டு, "ஒங்க மருமவ கூழே தேவல" என்றாள். கரண்டி கீழே விழுந்தது. குரலும் அதோடு வாசலில் விழுந்தது. வெற்றிச்செல்வனிடம் அவன் பேருந்தைவிட நடந்தால் சீக்கிரம் போகலாம் என்றாள். அது அவன் தினமும் கேட்பது, உறைக்கவில்லை. அவனுடைய விசிலைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தாள். பேருந்தை நிறுத்தி இறங்கி வந்து குரலை வீசிவிட்டுப் போனான். ஒரு வீட்டில் குழந்தையின் மூக்கைக் குறை சொன்னாள். ஒரு வீட்டு வேலியைத் திறந்து ஆட்டை விட்டாள். சொந்த வீட்டுக் கூறு அம்மாவிடம் இருந்தது; அதை வாங்குவதற்கு எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை. காலையில் தண்ணீர் பிடிக்கச் சொன்னாள் அன்பரசி, குடம் நிறைவதற்குள் காரியம் முடிந்தது. புரட்டாசி கழிந்தபோது ஊரில் ஒருவரும் கோகிலவாணியோடு பேசவில்லை. அவளால் எல்லாவற்றையும் பேச முடிந்தது.

துள்ளல் மட்டும் வரவில்லை. ஊர்க்கவுண்டருக்கு யாரோடும் பகை கூடாது. அது பதவிக்கு ஆகாது. அவருடைய சாமைக் கொல்லையில் ஆட்டை விட்டாள். வேலியைச் சரியாக வைக்காததற்கு அவர் தனக்கே அபராதம் போட்டுக்கொண்டார். "யோவ் கெழவா" என்றாள். "ஆமா கண்ணு, வயசாவுது இல்ல" என்றார். போன வருடம் அவர் சொன்ன தீர்ப்பு தப்பு என்று கத்தினாள். அவர் கண்ணை மூடி யோசித்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டு தீர்ப்பை மாற்றினார். அது பலாமர வழக்கு; மங்கம்மாளுக்குச் சாதகமாக ஆனது. அலோ அலோ அலல்லோ.

ஐப்பசியில் கவியா ஜீப்பில் வந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்திருந்தாள். கோகிலவாணி வீட்டு வாசலில் மைக்கை நட்டார்கள். ஊர் மொத்தமும் வந்திருந்தது. ஆனால் அவளோடு பேச்சு இல்லையென்பதால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அவள் பாடினாள். மெட்டு மேலே தாவும் ஒவ்வொரு இடத்திலும் பாட்டில் ஒரு ஓட்டை விழுந்தது. உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏய், அந்த எடத்துல மட்டும் என்ன ஆகுது? இதுக்குத்தான் வேற ஆள வச்சுக்கலாம்னு சொன்னேன்" என்று கவியா போனை எடுத்தாள். ஃபஹீம் அவளை மறித்து, "இன்னும் ஒரே ஒரு வாட்டி மேடம்" என்று கெஞ்சினான். கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். முதல் ஓட்டை வந்தபோது, கூட்டத்தின் ஓரத்தில் புளியமரத்தடியிலிருந்து அவளுடைய குரலே எழுந்து அதை நிரப்பியது. அடுத்ததையும் நிரப்பியது. முதுகைக் காட்டி நின்றவர்களின் பாதங்கள் தரையைத் தட்ட ஆரம்பித்தன.

"யார் அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள் கவியா. எல்லோரும் பஞ்சாட்சரத்தைக் காட்டினார்கள். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு வணக்கம் சொன்னார். கவியா அவரையும் மீசையையும் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, மைக்குக்குப் பக்கத்தில் வரச் சொன்னாள். துண்டு சரசரக்கிறது, அதை மட்டும் கழற்றி வைத்துவிடும்படி கேட்டுக்கொண்டாள்.

இரண்டாவது வீடியோவில் ஊர் கோகிலவாணிக்குப் பின்னால் நிற்க மறுத்தது. ஆனால் போன் பேசப் பாறைக்கு வந்துதான் ஆக வேண்டும். வந்தார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்கள். தை மாதம் சென்னைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி ஆடினார்கள். தும்பைக்காட்டு வீடுகள் அதற்குள் ஒவ்வொன்றாகச் சமாதானமாகிவிட்டன. சுந்தரம்மாள் வீடு கடைசி. மங்கம்மாள் மட்டும் ஆகவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

கோகிலவாணி இப்போது போளூரில் விடுதியில் தங்கி இரண்டாமாண்டு படிக்கிறாள். அவளுடைய போன் அடித்தால், எடுத்து மூச்சை மட்டும் இழுக்கிறாள். துள்ளலை இன்னும் வைத்திருக்கும் பஞ்சாட்சரம் மலைமேல் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அவள் குரலில் "அலோ" என்கிறார். கூப்பிட்டவர்களுக்கு அது தெளிவாகக் கேட்கிறது. மீதியை அவள் பேசிக்கொள்கிறாள். போன மாதம் அவர் வெற்றிச்செல்வனிடம் ஒரே ஒரு சேதி சொல்லி அனுப்பினார்: "காலையில கஞ்சி குடிக்கிற நேரத்துல மட்டும் யாரையும் போன் போடச் சொல்லாத கண்ணு, பொரையேறுது." அவள் அதன்படியே நடந்துகொள்கிறாள்.