ஏவுகணைக் கிணற்றில் ஊறிய தண்ணீர்

அமெரிக்காவின் கான்சஸ் கோதுமை வயல்களுக்கு நடுவே, ஏவுகணையை மண்ணுக்குள் நிறுத்திவைக்கத் தோண்டி, பிறகு ராணுவம் கைவிட்ட ஏவுகணைக் கிணறு ஒன்றை வெர்லின் ஸ்டக்கி வாங்கி நாலு வருஷம் ஆகிவிட்டது. பதினேழு மாடி ஆழம். அதற்குள் வீடு கட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அந்த நாலு வருஷமும் அவன் மனைவி ஆர்டித், மேலே நிறுத்தியிருந்த டிரெய்லர் வண்டி வீட்டில் ஒற்றை அடுப்போடு மல்லுக்கட்டினாள்.

கிணறு நிறையத் தண்ணீர். இரண்டு முறை இறைத்தான். இரண்டு முறையும் ஊறிவிட்டது. இந்த வசந்தத்தில் பெரிய பம்பு ஒன்றைக் கொண்டுவந்தான். அது எட்டு வாரம் ராப்பகலாக ஓடியதில் பாதிக் கிணறு தெரிந்தது. இரும்புப் படிகளைப் பற்றவைத்து இறங்கி, சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டான். "இது உன் அடுப்படி" என்றான். ஆர்டித்துக்கே கொஞ்சம் ஆசை வந்துவிட்டது.

அடுத்த நாள் பக்கத்துப் பண்ணை லீராய் அன்ரூ வந்து நின்றான்.

"ஏம்ப்பா வெர்லின், என் மாட்டுத் தொட்டியில ஒரு வாரமா சேறுதான் வருது. உன் பம்பு குடிக்கிறது என் தண்ணிய."

"மழை இல்லப்பா. அதுக்கு நான் என்ன செய்ய?"

"அறுபது மாடு கத்துது. மழைகிட்ட போய்ச் சொல்லவா?"

அவன் போனதும் ஆர்டித் சொன்னாள்: "மூணு நாள் நிறுத்திப் பாரு."

"நிறுத்தினா எட்டு வாரப் பாடும் போச்சு!"

"கிணத்துக்குப் பக்கத்துல பட்டாளத்துக்காரங்க உக்காந்து வேலை பாத்த ரெண்டு மாடி அறை காஞ்சு கெடக்கு. வந்த மாசமே சொன்னேன், அது போதும்னு."

"ஏவுகணைக் கிணத்த வாங்கிட்டு வாசப்படியில குடியிருக்கச் சொல்றியா?"

"நாலு வருஷமா வாசப்படிக்கு வெளியதானே இருக்கேன்!"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளே போய் பம்பு விசையை இறக்கினாள். எட்டு வாரமாகக் காதைத் துளைத்த சத்தம் நின்றது. வெர்லின் விசைப்பக்கம் வந்தான். ஆனால் அவளைப் பார்த்துவிட்டு விசையைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் லீராய் போன் செய்தான். தொட்டியில் தெளிந்த தண்ணீர் விழுகிறதாம். அதற்குள் இங்கே கடைசிப் பத்துப் படிகளும் அடுப்படிக் கோடும் முங்கிப் போயிருந்தன.

வெர்லின் கிணற்று விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தான். பிறகு எழும்பாத குரலில், "அந்த அறைக்குள்ள என் பழைய இரும்பெல்லாம் கெடக்கே" என்றான்.

"தெரியும். போட்டவனே எடு."

மத்தியானம் முழுக்க அவன் துருப்பிடித்த குழாய்களைச் சுமந்து ஏறினான். அவள் கூட வந்து ஒரு முனையைப் பிடித்தாள். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வசவு வைத்தாள். அவன் அடுத்த குழாய்க்கு இறங்கினான்.